அறியாமல் பட்ட கை

மடிக்கணினியில் வேகமாக டைப் அடிப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த கோளாறு ஒன்று உண்டு. கண் தாளில் இருக்கிறது, விரல்கள் விசைகளின் மேல் ஓடுகின்றன. நிமிர்ந்து திரையைப் பார்த்தால் வாக்கியத்தின் பின்பாதி நான்கு வரி மேலே போய் வேறொரு சொல்லைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. கர்சர் தாவிவிட்டது. தமிழில் அடிக்கும்போது இந்தச் சிதைவு இன்னும் மோசம். 1999-இல் தரப்படுத்தப்பட்ட தமிழ் 99 விசைப்பலகையில் ‘கி’ என்ற ஓர் எழுத்துக்கு இரண்டு தட்டு வேண்டும். இரண்டுக்கும் நடுவே கர்சர் தாவினால் ‘க’ ஓரிடத்தில் நிற்கும், ‘இ’ எங்கோ ஒரு வரியில் கிடக்கும். கட்டுரையோ கடிதமோ என்றால் திருத்திக்கொண்டு போய்விடலாம். உத்திரமேரூர் போன்ற வட்டத் தலைநகரில் பிறருக்காக அடித்துக் கொடுக்கப்படுபவை வேறு வகை: கிரயப் பத்திரம், வாரிசுச் சான்றிதழுக்கான மனு, பட்டா மாற்ற விண்ணப்பம். சொத்து விவரத்தில் புல எண்ணின் உட்பிரிவுக்கு உரிய ‘3’ நழுவி விஸ்தீரணத்தில் போய் விழுந்து, அப்படியே பதிவும் ஆகிவிட்டால், அதைச் சரிசெய்யப் பிழைத்திருத்தல் பத்திரம் எழுத வேண்டும். விற்றவரும் வாங்கியவரும் மறுபடி சார்பதிவாளர் முன் வந்து நிற்க வேண்டும். விற்றவர் காலமாகியிருந்தால் அவருடைய வாரிசுகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். அந்த ‘3’-ஐ அங்கே வைத்தது யார்? அடித்தவர் அதை அங்கே வைக்க நினைக்கவில்லை, வைத்ததைப் பார்க்கவும் இல்லை. ஆனாலும் வைத்தது அவர் கை. நினைக்காமல் நேர்ந்த செயல் செய்தவனைச் சேருமா என்ற பழைய கேள்வி, இங்கே மிகச் சிறிய உருவில், ஒளிவதற்கு இடமில்லாமல் நிற்கிறது.

இயந்திரக் கோளாறுக்குப் போய்ச் சமயத்தையும் தத்துவத்தையும் இழுப்பானேன் என்று கேட்கலாம். உத்திரமேரூர் அடங்கிய காஞ்சி வட்டாரத்தில் இந்தக் கேள்வியை வாதிட்டவர்கள் இதைவிடச் சிறிய பொருளை எடுத்துக்கொண்டே வாதிட்டார்கள். காலடியில் தெரியாமல் நசுங்கிய பூச்சி ஒன்றுதான் அவர்களுடைய வழக்கு. கொலை, களவு போன்ற பெரிய செயல்களில் ஆசை, பகை, அச்சம் எல்லாம் பின்னிக்கிடக்கும். எது நினைத்தது, எது நினைக்காதது என்று பிரிப்பது கடினம். உள்ளங்கை ஒரு பலகையில் பட்டதற்குப் பின்னால் எந்த ஆசையும் இல்லை. அதனால்தான் கேள்வி இங்கே தெளிவாகத் தெரிகிறது.

முதலில் கோளாறையே பார்ப்போம், ஏனென்றால் யார் செய்தது என்பதற்கான விடையில் பாதி அதன் உள்ளேயே இருக்கிறது. திரையில் இரண்டு குறிகள் உண்டு. ஒன்று அம்பு, நாம் நகர்த்துவது. மற்றொன்று துடிக்கும் செங்குத்துக் கோடு, எழுத்து விழும் இடம். அம்பு எங்கு அலைந்தாலும் கோடு நகராது. ஒரு கிளிக் விழுந்தால்தான் கோடு அம்பு நிற்கும் இடத்துக்குப் போகும். டச்பேடில் மெல்லத் தட்டினாலே கிளிக் ஆகும்படி பெரும்பாலான கணினிகளில் அமைப்பு இருக்கும். டச்பேட் அழுத்தத்தை உணர்வதில்லை. விரல் அருகே வரும்போது அதன் பரப்பில் மின்னேற்றம் மாறுவதை உணர்கிறது. இடைவெளிப் பட்டையைத் தட்டும் கட்டைவிரலின் அடிமேடு அந்தப் பரப்பை ஒரு நொடிக்கும் குறைவாக உரசினால் போதும், கணினி அதை ஒரு கட்டளையாக எடுத்துக்கொள்ளும். பரந்த தொடுகை என்றால் உள்ளங்கை என்று தள்ளிவிடும் ஏற்பாடும், விசை அழுத்திய உடனே சிறிது நேரம் டச்பேடைப் பொருட்படுத்தாமல் இருக்கும் ஏற்பாடும் மென்பொருளில் உண்டு. ஆனால் கட்டைவிரல் ஓரத்தின் தொடுகை சிறியது, அது விரல்போலவே தெரியும். ஆக, தாவல் என்று நாம் சொல்வது கண்மூடித்தனமான தாவல் இல்லை. கடைசியாக அம்பை எங்கே விட்டோமோ அங்கேதான் எழுத்து போய் விழுகிறது. அம்பை வரிகளின் நடுவில் விட்டது ஓர் அசிரத்தை, கையை டச்பேடின் மேல் சாய்த்தது இன்னோர் அசிரத்தை. இரண்டும் சேரும்போது பிழை பிறக்கிறது. தனித்தனியே பார்த்தால் இரண்டுமே ஒன்றுமில்லாதவை.

எல்லாத் தாவலும் கையால் நேர்வதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சோதிக்கும் முறை எளிது. டச்பேடை அணைத்துவிட்டு யூ.எஸ்.பி. மவுஸ் ஒன்றைச் செருகி அரை மணி நேரம் அடித்துப் பார்த்தால், தாவல் நின்றுவிட்டால் காரணம் டச்பேட் பக்கம் இருக்கிறது. பிறகு டச்பேடைத் திறந்து, தட்டினால் கிளிக் ஆகும் அமைப்பை மட்டும் நிறுத்திப் பார்க்கலாம். அப்போதும் நின்றிருந்தால் காரணம் கைதான். கையே வைக்காதபோதும் அம்பு தானாக நடுங்கி அலைந்தால் சார்ஜரைப் பிடுங்கிப் பேட்டரியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கிராமத்து வீடுகளில் இது அடிக்கடி பிடிபடும் காரணம். சார்ஜரிலிருந்து கசியும் மிகச் சிறிய மின்சாரம் மூன்றாவது முள் வழியாக மண்ணுக்குள் போக வேண்டும். இரண்டு முள் பிளக்கில் மாட்டியிருந்தாலோ, எர்த் குழி சித்திரை வெயிலில் வறண்டு கிடந்தாலோ அது போக வழியில்லாமல் கணினியின் உடம்பிலேயே தங்குகிறது. உலோக விளிம்பில் மணிக்கட்டை வைத்தால் சுர்ரென்று ஓர் உறுத்தல் தெரியும். டச்பேடுக்கும் அதே குழப்பம்தான், தொடாத விரலைத் தொட்டதாகப் படிக்கிறது. இன்னொரு காரணம் ஆபத்தானது. பழைய பேட்டரி உப்பி, டச்பேடை அடியிலிருந்து மேலே தள்ளும். டச்பேடின் ஓரம் சற்றே தூக்கி நிற்கும், கிளிக் கடினமாகும், சமமான மேசையில் வைத்தாலும் கணினி ஆடும். அப்படி இருந்தால் அழுத்திப் பார்க்கவோ சார்ஜ் போடவோ கூடாது. அணைத்துவிட்டுப் பேட்டரியை மாற்றக் கொடுக்க வேண்டும், தீப்பிடிக்கக்கூடியது. 2011-இல் தொடங்கி அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு. அந்த வயதுடைய பேட்டரிகளை ஒருமுறை கவனித்துப் பார்ப்பது நல்லது.

இப்படி ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வரும்போது நடப்பது பழுதுபார்ப்பு மட்டும்தானா? ஒரே பிழை, திரையில் ஒரே தோற்றம். ஆனால் ஒன்றில் கை காரணம், ஒன்றில் மண் காரணம், ஒன்றில் முதுமை காரணம். ‘கணினி செய்துவிட்டது’ என்றோ ‘என் தப்புதான்’ என்றோ எடுத்த எடுப்பில் சொல்பவர் இருவருமே விசாரிக்காமல் தீர்ப்புச் சொல்கிறார்கள். எனது எது, எனது அல்லாதது எது என்று தேடிப் பார்ப்பதே பொறுப்பின் முதல் படி என்று நான் கருதுகிறேன். தேடாதவரை ‘அது என் வினை அல்ல’ என்று சொல்லும் உரிமை ஒருவருக்கு வருவதில்லை.

இனி அந்தப் பழைய வாதத்துக்கு வருவோம். எண்ணமே வினை என்று புத்தர் சொன்னதாக அங்குத்தர நிகாயம் என்னும் பௌத்த நூல் பதிவு செய்கிறது. நினைத்த பிறகே மனிதன் உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் செய்கிறான். நினைப்பு இல்லாத இடத்தில் வினை இல்லை. அந்த நிகாயத்துக்குப் பாலியில் பேருரை எழுதிய 5-ஆம் நூற்றாண்டு அறிஞர் புத்தகோசர், அதன் முடிவுரையில், தம்மோடு காஞ்சிபுரம் முதலிய இடங்களில் முன்பு வாழ்ந்த ஜோதிபாலர் என்னும் துறவி கேட்டுக்கொண்டதற்காக அதை எழுதியதாகக் குறிப்பிடுகிறார். ஆக, எண்ணமே வினை என்ற கொள்கைக்கு எழுந்த பெரிய உரைக்கும் காஞ்சிக்கும் உறவு உண்டு. தம்மபத உரையின் முதல் கதையில் கண்பார்வை இழந்த முதிய துறவி சக்குபாலர் மழை பெய்த தரையில் நடக்கிறார். அவர் காலடியில் பூச்சிகள் நசுங்குகின்றன. மற்ற துறவிகள் முறையிட, அவர் அவற்றைக் காணவில்லை, கொல்லும் எண்ணமும் அவருக்கு இல்லை, ஆகவே குற்றமும் இல்லை என்று புத்தர் தீர்க்கிறார். இந்தத் தீர்ப்பில் பெரிய கருணை இருக்கிறது. தெரியாமல் நேர்ந்ததற்காக இரவெல்லாம் நெஞ்சு துடித்துக்கொண்டிருக்கும் மனிதனை அது விடுவிக்கிறது. இதன்படி பார்த்தால் இடம் மாறிய ‘3’ அடித்தவருக்கு ஒட்டாது.

சமணர்கள் இதை ஒப்பவில்லை. கேலியாகவே மறுத்தார்கள். பிண்ணாக்குக் கட்டி என்று நினைத்து ஒருவன் மனிதனைக் குத்தி வாட்டினால் அவனுக்கும் பாவம் இல்லையோ என்று சூத்திரகிருதாங்கம் என்னும் சமண நூல் பௌத்தர் கொள்கையைச் சீண்டுகிறது. ஆனால் சமணத்தின் சிறந்த விடை அந்தக் கேலியில் இல்லை. உத்திரமேரூருக்குத் தென்மேற்கே வந்தவாசிப் பக்கம் பொன்னூர் மலை இருக்கிறது. அங்கே சமண ஆசாரியர் குந்தகுந்தரின் திருவடிகளைத் தமிழ்ச் சமணர் இன்றும் வணங்குகிறார்கள். அவருடைய பிரவசனசாரம் என்னும் நூலில் இந்த வழக்குக்கு ஒரு கூர்மையான தீர்வு உண்டு. உயிர் செத்தாலும் பிழைத்தாலும், கவனமின்றி நடப்பவனுக்கு இம்சை உறுதி. கவனத்தோடு நடப்பவனுக்கு உயிர்ச்சேதம் நேர்ந்தாலும் அதனால் மட்டும் வினை ஒட்டாது. கேள்வியே இங்கே இடம் மாறிவிடுவதைக் கவனியுங்கள். நினைத்தாயா என்று கேட்பது நின்று, கவனித்தாயா என்று கேட்கப்படுகிறது. சமணத் துறவிக்கு விதிக்கப்பட்ட ஐந்து சமிதிகளில் ஒன்று பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் காக்கவேண்டிய கவனம். கமண்டலத்தை வைக்கும் முன் அந்த இடத்தை மயிற்பீலியால் மெல்ல வருடிவிட்டு வைப்பார். கையை எங்கே வைக்கிறோம் என்பது அறத்தைச் சேர்ந்த விஷயம் என்பதை இதைவிட நுட்பமாகச் சொன்ன மரபு எனக்குத் தெரியாது. திருக்குறளும் மறதிச் சோர்வைப் பற்றிய பொச்சாவாமையை 54-ஆம் அதிகாரமாகப் பொருட்பாலில், ஆள்பவனுக்குச் சொல்லும் பகுதியில் வைத்திருக்கிறது. பிறருடைய வாழ்வு யார் கையில் இருக்கிறதோ, அவருடைய கவனக்குறைவே கனமானது.

எனக்குக் குந்தகுந்தர் பக்கமே நியாயம் தெரிகிறது. அதற்கு டைப் அடிக்கும் செயலிலேயே ஒரு சான்று இருக்கிறது. நன்றாக அடிக்கத் தெரிந்த ஒருவர் எந்த விசையையும் நினைத்து அடிப்பதில்லை. ‘மேற்படி சொத்தானது’ என்று தொடங்கினால் விரல்கள் தாமாகவே ஓடிவிடும். எந்த விரல் எந்த எழுத்தைத் தட்டியது என்று உடனே கேட்டால் அவரால் சொல்ல முடியாது. எண்ணம் இருந்தால்தான் செயல் என்னுடையது என்றால், சரியாக விழுந்த ஆயிரம் எழுத்துகளும் அவருடையவை ஆகா. அவற்றுக்கு அவர் கூலி வாங்குகிறார், வாங்குவது நியாயமும்கூட. பழக்கமாகிப்போன கையின் சரியான தட்டுகளை எல்லாம் என்னுடையவை என்று எடுத்துக்கொண்டு, அதே கையின் ஒரு பிசகைமட்டும் அந்நியம் என்று தள்ள முடியாது. பழக்கம் என்பது முன்பு எப்போதோ நாம் எடுத்த முடிவுகள் உடம்பில் படிந்து கிடப்பது. மணிக்கட்டை உயர்த்தி அடிப்பதா, டச்பேடின் மேல் சாய்த்து அடிப்பதா என்பதும் அப்படிப் படிந்ததுதான். அந்த நொடியில் எண்ணம் இல்லை என்பது உண்மை. அந்தக் கையை அப்படி வளர்த்ததில் எண்ணம் இருந்தது, அல்லது இருக்கவேண்டிய இடத்தில் இல்லாமல் போயிற்று.

இதற்கு நேர் எதிர்ப்புறத்திலிருந்தும் ஒரு மறுப்பு வரலாம். தற்செயல் என்று ஒன்று கிடையாது, வாய்தவறுவதும் கைதவறுவதும் உள்மனத்தின் மறைந்த விருப்பத்தையே காட்டுகின்றன என்று சிக்மண்ட் பிராய்டு 1901-இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். அதன்படி பார்த்தால் பிசகும் ஒருவகை எண்ணமே. ஆனால் எர்த் இல்லாத பிளக்கால் தாவும் கர்சருக்கு எந்த உள்மனம்? மூன்று முள் பிளக்கை மாற்றியதும் நின்றுபோகும் பிசகை விருப்பம் என்று வாசிப்பது, ஒரு மனிதன்மேல் இல்லாத குற்றத்தைச் சுமத்துவதாகும். பத்திரத்தில் எண் தவறியதும் ‘வேண்டுமென்றே செய்திருப்பான், அந்தப் பக்கத்தில் காசு வாங்கியிருப்பான்’ என்று ஊரில் எழும் பேச்சும் இதே தவற்றைத்தான் செய்கிறது. சிலசமயம் அப்படி நடக்கவும் செய்யும். அதனால்தான் விசாரணை வேண்டும் என்கிறேன்.

கனமான மறுப்பு வேறொன்று. ஒவ்வொரு தொடுகையையும் காத்துக்கொண்டிருந்தால் ஒருவன் நாளெல்லாம் எப்படி எழுதுவான்? மயிற்பீலியோடு நடப்பது துறவிக்கு ஆகும். நாளைக்குப் பத்து விண்ணப்பம் அடித்துக் கொடுத்தால்தான் வீட்டில் உலை கொதிக்கும் என்ற நிலையில் இருப்பவருக்கு ஆகுமா? சமணமே இதை அறிந்திருந்தது. அதனால்தான் துறவிக்கு மகாவிரதம், இல்லறத்தானுக்கு அணுவிரதம் என்று அளவை வேறுபடுத்தியது. ஆனால் இதற்கு இன்னும் நல்ல விடை உத்திரமேரூரிலேயே, வைகுண்டப் பெருமாள் கோயிலின் அடித்தளக் கல்லில் இருக்கிறது. முதல் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919-லும் 921-லும், ஊர்ச் சபைக்கு வாரியங்களைத் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை அங்கே வெட்டிவைத்தார்கள். வேதம் கற்ற, நிலமுடைய பிராமண ஆண்களுக்கு மட்டும் இடம் தந்த சபை அது. அதை மறைத்துப் புகழ்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அந்த விதிகளை எழுதியவர்கள் மனிதக் கையைப் பற்றி அறிந்திருந்தது வியப்புக்குரியது. ஊரின் பிரிவுகளான 30 குடும்புகளுக்கும் ஓலைகள் தனித்தனிக் கட்டாகக் குடத்தில் இடப்படும். சபை முழுதும் பார்க்கக் குடத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்றுக்கொள்ள வேண்டும். அவன் வாசித்த பெயரை அங்குள்ள நம்பிமார், அதாவது பூசகர்கள், எல்லோரும் வாசிக்க வேண்டும். பிறகே அது எழுதப்படும்.

‘மத்தியஸ்தன் நேர்மையாக இருப்பானாக’ என்று எழுதிவிட்டு அவர்கள் நிறுத்தியிருக்கலாம். உள்ளங்கையை எப்படி வைக்க வேண்டும் என்றே எழுதினார்கள். கவனத்தை மனத்தில் மட்டும் சுமக்கச் சொன்னால் அது பிற்பகல் மூன்று மணிக்குச் சோர்ந்துவிடும். அதை ஓர் ஏற்பாட்டில் இறக்கிவைத்தால் மனிதன் களைத்த பிறகும் ஏற்பாடு விழித்திருக்கும். தட்டினால் கிளிக் ஆவதை நிறுத்திவைப்பது, டைப் அடிக்கும்போது டச்பேட் உறங்கும்படி அமைப்பது, மவுஸ் செருகியதும் அது தானே அணையும்படி வைப்பது, அம்பை எப்போதும் பக்க ஓரத்தில் ஒதுக்கிவிடுவது, மூன்று முள் பிளக்கைப் போடுவது, அடித்து முடித்ததும் எண்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துக் காட்டுவது: இவை எல்லாம் ஒருமுறை செய்துவிட்டாலோ பழகிக்கொண்டாலோ போதுமானவை. எனவே ‘இல்லறத்தானால் முடியாது’ என்ற மறுப்பு நிற்காது. ஓயாத விழிப்பு அவனால் முடியாதுதான். ஏற்பாடு அவனால் முடியும். முடிந்ததைச் செய்யாமல் விட்டது கவனக்குறைவு.

இவ்வளவும் செய்த பிறகும் பிழை நேரும். எல்லா ஏற்பாட்டுக்கும் தப்பி ஒரு ‘3’ எங்காவது போய் விழும். அப்போது அடித்தவர் குற்றமற்றவர் என்று புத்தரும் சொல்வார், குந்தகுந்தரும் சொல்வார். நான் வாதிட விரும்புவது இந்த இடத்தில்தான்: குற்றம் தீர்ந்துவிட்டதால் கணக்கு தீர்ந்துவிடுவதில்லை. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின் இறுதிப் பகுதியில் ஊர்க்கணக்கு எழுதுபவர்களுக்கான விதிகள் வருகின்றன. கணக்கு எழுதியவன் அதைச் சபையின் பெருங்குறிப் பெருமக்களிடம் காட்டி, நேர்மையானவன் என்று ஏற்கப்படும்வரை மறுபடி அந்தப் பொறுப்புக்கு வரக்கூடாது. தான் எழுதிய கணக்கைத் தானே காட்ட வேண்டும். வேறொரு கணக்கனைக் கொண்டு அதை முடிக்கக் கூடாது. குற்றம் செய்தானா என்ற கேள்வி இங்கே எழவே இல்லை. எழுதியவன் நீ, காட்டவேண்டியவனும் நீ, அவ்வளவுதான். வாரியத்துக்கு ஆகாதவர்களின் பட்டியலைப் பாருங்கள். சிலவகைக் குற்றங்களுக்குப் பிராயச்சித்தம் செய்து தூய்மை அடைந்தவர்களும்கூட வாழ்நாள் முடியும்வரை குடவோலைக்கு ஆகார் என்கிறது கல்வெட்டு. அந்தக் கடுமையை இன்று பின்பற்ற வேண்டும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பாவம் ஓர் ஏட்டிலும் ஊருக்குப் பதில் சொல்லும் கடமை இன்னோர் ஏட்டிலும் இருக்கின்றன, ஒன்றில் வரவு வைத்து மற்றொன்றைக் கழிக்க முடியாது என்று 1,100 ஆண்டுகளுக்கு முன் ஒரு சபை கண்டிருக்கிறது.

தமிழில் இதன் உச்சமான வழக்கு மனுநீதிச் சோழனுடையது. பெரிய புராணம் சொல்லும் திருவாரூர்க் கதையில் இளவரசனின் தேர்க்காலில் கன்று அகப்பட்டு இறக்கிறது. அவன் பார்க்கவில்லை, நினைக்கவும் இல்லை. மறையோர் விதித்த கழுவாயைச் செய்யலாம் என்று அமைச்சர்கள் சொல்வது நியாயமான வாதம்தான். மன்னன் கேட்பது, அதனால் தாய்ப்பசுவின் துயரம் தீருமா என்பதை. அவன் தேர்ந்த தண்டனை கொடியது, அதை நான் நியாயப்படுத்தவில்லை. மகனைத் தேர்க்காலில் இட்டால் கன்றும் வராது, பசுவின் துயரமும் தீராது. ஆனால் அவன் கேட்ட கேள்வி சரியானது. கழுவாய் செய்தவனைத் தூய்மையாக்கும்; இழந்தவர் இழந்தபடியே நிற்பார். ஆங்கிலத் தத்துவ அறிஞர் பெர்னார்ட் வில்லியம்ஸ் 1976-இல் ஏறத்தாழ இதே வழக்கை எடுத்துக்கொண்டார். தன் தவறு ஏதுமின்றிக் குழந்தைமேல் லாரி ஏற்றிவிட்ட ஓட்டுநர், அருகில் நின்று பார்த்தவரைப் போல வருந்திவிட்டுப் போக முடியாது. அவருடைய வருத்தம் வேறு வகை, அது ஏதாவது ஈடு செய்யத் துடிக்கும் வருத்தம், அந்தத் துடிப்பு சிறிதும் இல்லாத ஓட்டுநரை நாம் ஐயத்தோடுதான் பார்ப்போம் என்றார். திருவாரூரில் அந்தத் தாய்ப்பசு அசைத்து ஆராய்ச்சி மணி ஒலித்தபோது கேட்டதும் அதுதான்.

ஒரு கடைசி மறுப்பு என் மனத்துக்கு நெருக்கமானது. பொறுப்பு, கணக்கு என்று பேசினால் சுமை எப்போதும் கடைசியில் விசையைத் தட்டியவர் தலையில்தான் விழுகிறது. பெரும்பாலும் அவர் மாதச் சம்பளத்துக்கு உட்காரும் இளம்பெண்ணாக இருப்பார். கணினி அவருடையது இல்லை, பிளக் பாயிண்டும் அவருடையது இல்லை. பேட்டரி உப்பியிருப்பதை அவர் சொல்லியும் முதலாளி மாற்றாமல் விட்டிருந்தால்? அப்போது வினை இடம் மாறுகிறது, முழுதாகவே மாறுகிறது. காரணத்தை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். கைப்பழக்கம் என்றால் அடித்தவருடையது. வறண்ட எர்த் குழி என்றால் கட்டடக்காரருடையது. தெரிந்தும் மாற்றாத பேட்டரி என்றால் அதை மாற்றாமல் விட்டவருடையது. கருவியின் குறை, அதை மாற்றக்கூடிய ஒருவருக்கு அது குறை என்று தெரிந்த நொடியிலிருந்து அவருடைய குறை. கவனத்தைப் பற்றிப் பேசுபவர்கள் கைக்குக் கீழே இருப்பதை மட்டும் பார்த்துவிட்டுச் சம்பளம் கொடுப்பவரைப் பார்க்காமல் போனால் அந்தப் பேச்சு அநியாயமாகிவிடும். குறளின் அந்த அதிகாரம் ஆள்பவனை நோக்கிச் சொல்லப்பட்டது என்பதை மறக்க வேண்டாம்.

யாருக்கும் தெரியாமலே போகும் பிழைக்கு என்ன செய்வது? பத்திரம் பெட்டிக்குள் போய்விட்டது, அடித்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. இருபது ஆண்டு கழித்து நிலத்தை விற்கப் போகும்போதுதான் வில்லங்கம் தெரியும். மரபுகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. நடையில் அறியாமல் நசுக்கிய உயிர்களுக்காகச் சமணத் துறவி மன்னிப்பு வேண்டி ஓதுகிறார். கோயிலில் பூசை முடிந்ததும் அறிந்தும் அறியாமலும் நேர்ந்த குறைகளைப் பொறுத்தருளும்படி அர்ச்சகர் வேண்டுகிறார். அறியாத பிழையை அறிந்தவர் இறைவன் ஒருவரே என்பதால் அதை அவரிடம்தான் சொல்ல முடியும். ஆனால் அந்த வேண்டுதல் அறியாத பிழைக்கு மட்டுமே செல்லும். ஒருநாள் பழைய கோப்பைத் திறக்கும்போது அந்த ‘3’ கண்ணில் பட்டுவிட்டால், அது அதற்குமேல் அறியாத பிழை இல்லை. கோயிலில் சொல்லித் தீர்க்கக்கூடியதும் இல்லை. பத்திரத்தில் விலாசம் இருக்கிறது. அந்த வீட்டுக்குப் போய், விற்றவர் உயிரோடு இருக்கும்போதே, இருவரையும் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போக வேண்டும்.